‘அது வெறும் பூசைதான்’: பினாங்கில் ஓர் இரண்டாம் திருமணம் பற்றிய நிகழ்வு ஆய்வு

இது 3 ஆண்டுகளுக்கு மேல் இழுத்த ஒரு விவகாரம். சம்பந்தப்பட்ட மூவரும் எழுதலாம் என்று சொன்ன பிறகே எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. ஐசி எனும் அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், திருமணப் பதிவு என்று ஆவணச் சிக்கலோடு வருகிறவர்களுக்குப் பாரம் (படிவம்) நிரப்பித் தருவது, அலுவலகங்களுக்குக் கூடப் போய் வருவது போன்ற வேலைகளைச் செய்யும் சிறு தன்னார்வக் குழு ஒன்றில் இருக்கிறேன். இதில் வரும் சட்ட விளக்கங்கள் வழக்கறிஞர்கள் சொல்லிக் கேட்டவை. நாங்கள் தப்பாகச் சொன்ன இடங்களும் உண்டு, அவற்றையும் மறைக்கவில்லை.

ஒரு சொல் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட கதைகளில் ‘மூத்தவள்’, ‘இளையவள்’ என்று எழுதுவது வழக்கம். நான் எழுதவில்லை. இரண்டாமவர் மனைவியா இல்லையா என்பதே இங்கே கேள்வி. அதனால் ஒருவரை முதல் மனைவி என்றும், மற்றவரை, பினாங்குத் தீவில் அவர் இருக்கும் இடத்தை வைத்து, ஜெலுத்தோங் பெண் என்றும் குறிப்பிடுகிறேன்.

பின்னணி

கணவர் மலேசியப் பெருநிலத்தில், பிறை என்ற ஊரில் கொள்கலன் லோரி ஓட்டுகிறவர். 2010-இல் தேசியப் பதிவுத் துறையில், அதாவது ஜேபிஎன்-இல், திருமணத்தைப் பதிவு செய்தார். அடுத்த மாதம் பட்டர்வொர்த்தில் ஒரு கோயிலில் தாலி கட்டினார். இரண்டு பிள்ளைகள். 2016 வாக்கில் தம்பதிக்குள் பேச்சு நின்று, அவர் தனியாக ஓர் அறை எடுத்துப் போய்விட்டார்.

அதன்பின் நடந்ததுதான் முக்கியம். இரு வீட்டுப் பெரியவர்களும் ஒரு கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து பேசினார்கள். முடிவில் ஒரு தாள் எழுதப்பட்டது. இன்று முதல் எங்களுக்குள் கணவன் மனைவி உறவு இல்லை, பிள்ளைகள் தாயிடம் இருப்பார்கள், தந்தை மாதம் 600 வெள்ளி (ரிங்கிட்) தருவார் என்று அதில் இருந்தது. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள், இரண்டு சாட்சிகளும் போட்டார்கள். மறுநாள் சத்தியப்பிரமாண ஆணையரிடம் கொண்டுபோய் முத்திரையும் வாங்கினார்கள். கணவர் அந்தத் தாளை லேமினேட் செய்து லோரியிலேயே வைத்திருந்தார். அவருக்கு அது விவாகரத்துப் பத்திரம்.

இதை வெறும் அறியாமை என்று தள்ளிவிட முடியவில்லை. மண்டபத்தில் பேசி முடித்த பெரியவர்களில் ஒருவரை நான் பிறகு சந்தித்தேன். “எங்க தாத்தாவுக்குத் தோட்டத்துல ரெண்டு வீடு, யாரும் போலீசுக்குப் போகல” என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. 1982 மார்ச் 1-க்கு முன் இங்கே இந்து வழக்கப்படி ஒருவர் இரண்டு பேரை மணந்திருக்கலாம், அது செல்லும். அப்படி அன்றைக்கே செல்லுபடியாக இருந்த திருமணங்களைப் புதிய சட்டம் தொடவும் இல்லை. ஆனால் அன்று நடப்புக்கு வந்த 1976-ஆம் ஆண்டின் திருமண, விவாகரத்துச் சீர்திருத்தச் சட்டம், முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒரு நேரத்தில் ஒரே திருமணம் என்று ஆக்கிவிட்டது. வழக்கறிஞர்கள் இதை எல்ஆர்ஏ என்பார்கள். அதன் 8-ஆவது பிரிவின்படி, திருமணம் முடிவுக்கு வர மரணம் நேர வேண்டும், அல்லது நீதிமன்றம் சொல்ல வேண்டும். மண்டபத்துப் பஞ்சாயத்துக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. ஊர்ப் பெரியவர்களின் நினைவில் மட்டும் அது இன்னும் இருக்கிறது.

ஜெலுத்தோங் பெண் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர். அவருக்கு அது முதல் திருமணம். கணவர் அவரிடம் எதையும் ஒளிக்கவில்லை, தனக்குத் தெரிந்த அளவில். “எனக்கு ஏற்கெனவே ஆயி முடிஞ்சிருச்சு, பேப்பர் இருக்கு” என்று அந்த லேமினேட் தாளைக் காட்டியிருக்கிறார். அந்தப் பெண்ணின் தாயாரும் அதைப் படித்துப் பார்த்தார். முத்திரை இருந்ததால் திருப்தியாகிவிட்டார்.

2020 ஜனவரியில், தை மாதத்தில், குடியிருப்புப் பகுதியில் உள்ள ஒரு சிறிய கோயிலில் திருமணம் நடந்தது. ஓமம் வளர்த்து, தாலி கட்டி, அக்கினியை வலம் வந்தார்கள். 40 பேர் சாப்பிட்டார்கள். அங்கே ஜேபிஎன் சான்றிதழைக் கேட்கவில்லை. பல கோயில்கள் அந்தச் சான்றிதழ் இல்லாமல் மண்டபத் தேதியே கொடுப்பதில்லை. “ரிஜிஸ்டர் அப்புறம் பார்த்துக்கலாம்” என்றார் கணவர். மார்ச் 18-இல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. அலுவலகங்கள் மூடின, அந்த ‘அப்புறம்’ ஒன்றரை வருடம் நீண்டது. பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம், இந்தப் பக்கம் ஒரு குடும்பம். இரண்டு வீட்டாரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

எப்படித் தெரிய வந்தது

2021-இல் குழந்தை பிறந்தது. பிறப்பை 60 நாளுக்குள் பதிய வேண்டும். முகப்பில் பெற்றோரின் திருமணச் சான்றிதழைக் கேட்டார்கள். இல்லை என்றதும், சரி, முதலில் திருமணத்தைப் பதிந்துவிடலாம் என்று இருவரும் ஐசியை நீட்டியிருக்கிறார்கள். கணவரின் பதிவில் ‘திருமணமானவர்’ என்றே இருந்தது. விவாகரத்து ஆணை இருக்கிறதா என்று கேட்டதும், அவர் லேமினேட் தாளை எடுத்து வைத்தார். இது நீதிமன்ற ஆணை இல்லை என்று அலுவலர் நிதானமாகச் சொல்லியிருக்கிறார்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் எங்களிடம் வந்தார். கையில் 5 வாரக் குழந்தை. கணவர் வரவில்லை. அவர் கேட்ட முதல் கேள்வி குழந்தையைப் பற்றியது இல்லை. “அக்கா, என்னையும் பிடிச்சு உள்ள வைப்பாங்களா?”

நாங்கள் முதலில் சொன்னது, அதில் இருந்த பிழை

அவரைத் தேற்ற வேண்டும் என்ற அவசரத்தில் நான் சொன்னது இது: “உங்க கல்யாணம் பதிவே ஆகல. பதிவாகாத கல்யாணம் சட்டத்துல கல்யாணமே இல்ல. அப்போ ரெண்டாவது கல்யாணங்கிற குற்றமும் இல்ல. பயப்படாதீங்க.” அவர் நிம்மதியாகப் போனார். எங்களுக்கு வரும் அழைப்புகளில் பாதிப் பேர் நம்புவதும் இதைத்தான்.

அடுத்த வாரம் எங்களுக்கு ஆலோசனை சொல்லும் வழக்கறிஞரிடம் இதைச் சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் விளக்கியதைச் சுருக்கித் தருகிறேன். கணவன் அல்லது மனைவி உயிரோடு இருக்கும்போது மறுபடி மணப்பது குற்றவியல் சட்டத் தொகுப்பின் 494-ஆவது பிரிவில் குற்றம். 7 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. முதல் திருமணம் நடந்ததையே மறைத்து இன்னொருவரை மணந்தால் 495-ஆவது பிரிவு, 10 ஆண்டு வரை சிறை. நம் தொகுப்பு 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது. எண்கள்கூட அப்படியே இருக்கும். அதனால்தான் தமிழ்நாட்டு வழக்கறிஞர்கள் பேசும் காணொளிகளை நம் ஆட்கள் நம்பி அனுப்பிக்கொள்கிறார்கள். இந்திய உச்ச நீதிமன்றம் 1965-இல் லோகண்டே வழக்கில், இரண்டாவது திருமணம் உரிய சடங்குகளோடு முறைப்படி நடந்தது என்று நிரூபிக்காவிட்டால் 494 நிற்காது என்றது. அந்தத் தீர்ப்பில் தப்பித்தவர்கள் அங்கே நிறைய. 2024 ஜூலை 1 முதல் அங்கே தண்டனைச் சட்டமே மாறி, இந்தக் குற்றம் 82-ஆவது பிரிவுக்குப் போய்விட்டது. அது வேறு கதை.

இங்கே கூடுதலாக ஒன்று இருக்கிறது. எல்ஆர்ஏ-வின் 5-ஆவது பிரிவு, ஏற்கெனவே சட்டப்படி மணமான ஒருவர் எந்தச் சட்டம், மதம், வழக்கத்தின் கீழும் செல்லுபடியாகும் இன்னொரு திருமணம் செய்யத் தகுதியற்றவர் என்கிறது. மலேசியாவுக்கு உள்ளே செய்தாலும் வெளியே போய்ச் செய்தாலும் அதே நிலைதான். ‘இந்தியாவுல போய்க் கட்டிட்டு வந்துடு’ என்ற யோசனைக்கு அங்கேயே கதவு அடைபடுகிறது. 6-ஆவது பிரிவு அப்படிப்பட்ட திருமணம் செல்லாது என்கிறது. 7-ஆவது பிரிவுதான் நான் கவனிக்காமல் விட்டது. செல்லாத அந்தத் திருமணத்தைச் ‘செய்துகொள்வதாகக் காட்டிய’ ஆளும் 494-இன் கீழ் குற்றம் செய்தவராகவே கருதப்படுவார் என்று அது சொல்கிறது. “செல்லாதுங்கிறதால குற்றம் இல்லைன்னு ஆகாது. செல்லாத ஒன்னைச் செல்லுற மாதிரி நடத்தினதுதானே குற்றமே” என்றார் வழக்கறிஞர்.

பதிவாகாத திருமணம் திருமணமே இல்லை என்று நான் அடித்துச் சொன்னதும் அவ்வளவு சுத்தமான உண்மை இல்லை. 1982-க்குப் பிறகு எல்ஆர்ஏ சொல்லும் முறையில் தவிர வேறு வகையில் திருமணம் நடத்தக்கூடாது என்று ஒரு பிரிவு இருக்கிறது. பதிவானதாலோ ஆகாததாலோ மட்டும் ஒரு திருமணம் செல்லும், செல்லாது என்று ஆகிவிடாது என்று 34-ஆவது பிரிவு இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் இரு பக்கமும் போயிருக்கின்றன. விபத்தில் கணவனை இழந்த பெண்ணின் இழப்பீட்டு வழக்கில் பதிவாகாத இந்துத் திருமணம் ஏற்கப்பட்டதும் உண்டு, பதிவு இல்லை என்பதற்காகவே மனைவி என்ற தகுதி மறுக்கப்பட்டதும் உண்டு. ஆக ஒரு பாமர உதவியாளர் ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு சொல்லும் இடம் இது இல்லை. நான் சொல்லியிருந்தேன்.

அந்தப் பெண்ணை மறுபடி அழைத்து, நான் சொன்னது தப்பு என்றேன். அவருடைய முதல் கேள்விக்கு அப்போதுதான் சரியான பதில் கிடைத்தது. 494 மணமாகியிருந்தும் மறுபடி மணந்தவர் மீதுதான் பாயும். மற்றவர் தெரிந்தே உடன்பட்டிருந்தால் உடந்தை என்ற கேள்வி வரலாம். இவருக்குக் காட்டப்பட்டது விவாகரத்து ஆனதாகச் சொன்ன தாள். அதனால் அவருடைய பயம் அந்த அளவில் குறைந்தது.

குழந்தையின் பத்திரம்

நாள் ஓடிக்கொண்டிருந்தது. திருமணச் சிக்கலைத் தீர்த்துவிட்டுப் பிறப்பைப் பதியலாம் என்று கணவரின் அண்ணன் சொன்னார். நாங்கள் மறுத்தோம். தீர்க்க வருடக்கணக்கில் ஆகும், 60 நாள் போனால் தாமதப் பதிவு என்று இன்னொரு சிக்கல் சேரும்.

பெற்றோர் மணமாகாதவர்கள் என்றால், தாயும் தந்தையும் சேர்ந்து கேட்டால் மட்டுமே தந்தையின் பெயரைப் பத்திரத்தில் எழுதுவார்கள். 1957-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 13-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. தாய் குடியுரிமை உள்ளவர் என்பதால் குழந்தையின் குடியுரிமைக்கு ஆபத்து இல்லை. இதை அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டும். அந்தத் தாய் வெளிநாட்டுக்காரராக இருந்திருந்தால் கதையே வேறு. மணவாழ்வுக்கு வெளியே பிறந்த பிள்ளை குடியுரிமையில் தாயைத்தான் தொடரும். நம் மக்களில் ஐசி இல்லாமல் வளர்ந்த எத்தனையோ பிள்ளைகளின் கதை, பதியாத ஒரு கோயில் திருமணத்தில்தான் தொடங்குகிறது.

கணவர் தயங்கினார். தந்தை என்று கையெழுத்துப் போட்டால் அதுவே தனக்கு எதிரான சாட்சி ஆகிவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஐந்து நாள் யோசித்துவிட்டு, 57-ஆவது நாள் வந்து கையெழுத்துப் போட்டார். இந்தக் கதையில் அவர் மேல் எனக்குக் கோபம் வந்த இடங்கள் பல. இது அவர் பக்கம் நான் எழுதிவைக்க வேண்டிய ஒன்று.

புகாரும் அந்த ஒரு வரியும்

குழந்தையின் முதல் பிறந்தநாள் படம் ஃபேஸ்புக்கில் ஏறியது. படத்தில் கேக், பலூன், அந்தப் பெண்ணின் கழுத்தில் தாலி. பட்டர்வொர்த்தில் இருந்த முதல் மனைவிக்கு அதை அனுப்பியது ஒரு மைத்துனி. மறுநாள் அவர் பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்குப் போய் ரிப்போர்ட் போட்டார். அவரிடம் 2010-இன் பதிவுச் சான்றிதழ் பத்திரமாக இருந்தது. முதல் திருமணத்தை நிரூபிக்க அந்த ஒரு தாளே போதும்.

விசாரணை அதிகாரி ஜெலுத்தோங் பெண்ணைச் சாட்சியாக வாக்குமூலம் தர அழைத்தார். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 112-ஆவது பிரிவின் கீழ் எடுக்கும் வாக்குமூலம் அது. அதற்கு முந்திய இரவு கணவரின் அண்ணன் அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார். வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து, “ஒன்னும் பெருசா சொல்ல வேணாம். கோயிலுக்குப் போனோம், பூசை பண்ணினோம், மாலை போட்டுப் படம் எடுத்தோம். கல்யாணம்னு சொல்லாத. அது வெறும் பூசைதான்” என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

காலை 7 மணிக்கு அந்தப் பெண் எனக்கு அழைத்தார். “அப்படிச் சொன்னா அவருக்கு ஒன்னும் ஆகாதாம் அக்கா. சொல்லிடவா?”

இந்த ஆய்வை நான் எழுதக் காரணமே இந்த ஒரு வரிதான். கணவருக்கு அது உண்மையிலேயே உதவக்கூடிய வரி. இரண்டாவது திருமணம் என்று ஒன்று நடந்ததை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். நடந்தது பூசைதான் என்று மணமகளே சொல்லிவிட்டால் வழக்கு தள்ளாடும். ஆனால் அந்தப் பெண்ணுக்கும் குழந்தைக்கும் பிடிமானமாக இருப்பதும் அதே சடங்குதான். எல்ஆர்ஏ-வின் 75-ஆவது பிரிவில் ஒரு வழி இருக்கிறது. திருமணம் செல்லாது என்றாலும், அது நடந்த நேரத்தில் பெற்றோரில் ஒருவராவது அதைச் செல்லும் என்று நியாயமாக நம்பியிருந்தால் பிள்ளை சட்டப்படியான பிள்ளையாகக் கருதப்படும். 1958-ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டத்தில் ‘பிள்ளை’ என்றால் சட்டப்படியான பிள்ளை. உயில் இல்லாமல் தந்தை இறந்தால் பங்கு கேட்க இந்தத் தகுதி வேண்டும். ‘செல்லாத திருமணம்’ என்று சொல்லவும் ஒரு திருமணம் நடந்திருக்க வேண்டும் அல்லவா? பூசைக்கு 75-ஆவது பிரிவு இல்லை.

ஒரே சடங்குதான். அதைக் கல்யாணம் என்றால் கணவருக்குச் சிறை பயம், பூசை என்றால் குழந்தைக்கு இருந்த ஒரே வாசலும் அடைபடும். அண்ணன் இதை யோசித்துச் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. தம்பியைக் காப்பாற்றத்தான் பார்த்தார். கெடுதல் நினைக்காமலேயே ஒரு பெண்ணிடம் அவள் பிள்ளையின் உரிமையை எழுதி வாங்கிவிட முடியும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

அந்தத் தொலைபேசியிலேயே நான் என்ன சொல்லலாம் என்று சொல்லவில்லை. முந்தைய தப்பு நினைவிருந்தது. அதிகாரியிடம் வேறு நாள் கேட்டுவிட்டு, அந்தப் பெண்ணைத் தனியாக ஒரு வழக்கறிஞரிடம் அழைத்துப்போனோம். கணவருக்கு ஆலோசனை சொல்பவர் இல்லை, வேறொருவர். இருவருடைய நலனும் இப்போது ஒன்று இல்லை என்பதைப் புரியவைப்பதே கடினமாக இருந்தது. “அவர் வேற, நான் வேறயா?” என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார்.

வழக்கறிஞர் சொன்னது சின்னது. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், உங்களைக் குற்றத்தில் சிக்கவைக்கக்கூடிய கேள்வி வந்தால் பதில் சொல்லாமல் இருக்கலாம், பொய் மட்டும் வேண்டாம். அந்தப் பெண் அப்படியே செய்தார். ஓமம், தாலி, அக்கினி வலம், 40 பேர், லேமினேட் தாள் எல்லாவற்றையும் சொன்னார். அண்ணன் குடும்பம் அவரோடு பேச்சை நிறுத்தியது.

கணவருக்கு உதவுவதிலிருந்து எங்கள் குழு விலகியது. மூவருக்கும் ஒரே மேசையிலிருந்து உதவ முடியாது என்று அவரிடம் நேராகச் சொல்லி, வேறு இடத்துக்கு அனுப்பினோம். அவருடைய வழக்கறிஞர் எடுத்த வாதம், விவாகரத்து ஆகிவிட்டது என்று அவர் நல்லெண்ணத்தில் நம்பினார் என்பது. இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. குற்றவியல் சட்டத் தொகுப்பின் 79-ஆவது பிரிவு, ஒரு நிகழ்வைத் தவறாகப் புரிந்துகொண்டவருக்குப் பாதுகாப்புத் தரும். சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டவருக்குத் தராது. மண்டபத்தில் கையெழுத்துப் போட்டால் விவாகரத்து என்று நம்பியது சட்டத்தைப் பற்றிய தவறு. அந்த நம்பிக்கை தண்டனையைக் குறைக்க உதவலாம், குற்றத்தைத் துடைக்காது. மற்றபடி 495 தன் மேல் வராது என்பதில் அவருக்குக் கொஞ்சம் தெம்பு இருந்தது, முதல் திருமணம் நடந்ததை அவர் மறைக்கவில்லை.

இன்னொரு யோசனையும் நடுவில் வந்தது. மதம் மாறிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். மதம் மாறுவதால் முன்பு நடந்த எல்ஆர்ஏ திருமணம் தானாகக் கலைவதில்லை. 51-ஆவது பிரிவின் கீழ் விவாகரத்து மனுதான் போட வேண்டும். 2018 டிசம்பர் 15 முதல் அந்த மனுவை இருவரில் யாரும் போடலாம். ஏற்கெனவே நடந்த ஒன்றை அது பின்னோக்கிச் சரிசெய்யாது. வழக்கறிஞர் இதைச் சொன்னதும் அந்தப் பேச்சு அடங்கியது.

முதல் மனைவி

அவரை நான் சந்தித்தது ஒரே ஒரு முறை, அவர் விருப்பத்தின் பேரில், பட்டர்வொர்த்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில். பழி வாங்கத் துடிக்கும் ஆளை எதிர்பார்த்துப் போனேன். வந்தவர் வேலை முடிந்து களைத்திருந்த ஒரு தாய். “அவரை உள்ள தள்ளி எனக்கு என்ன கிடைக்கப் போகுது? கட்டுப்பாடு வந்ததுல இருந்து மாசக் காசு நின்னு போச்சு. போன் எடுக்கல. பாலாய்ல ரிப்போர்ட் போட்டப்புறம்தான் எடுத்தாரு.”

மண்டபத்துத் தாளில் எழுதிய 600 வெள்ளியை வசூலிக்க அவருக்கு வேறு வழி யாரும் சொல்லவில்லை. மனைவி, பிள்ளைகளுக்கான ஜீவனாம்சத்துக்கு 1950-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றின் கீழ் கீழ்நிலை நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம். விவாகரத்தே வேண்டுமென்றால் உயர் நீதிமன்றம். அரசாங்கச் சட்ட உதவித் துறை குடும்ப வழக்குகளை எடுக்கும் என்பதையும் அவர் அன்றுதான் கேள்விப்பட்டார். ஜெலுத்தோங் பெண்ணைப் பற்றி அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா, தெரியாதா?” விவாகரத்து ஆகவில்லை என்பது தெரியாது என்றேன். தலையை மட்டும் ஆட்டினார்.

அதன்பின் நடந்தவை

விசாரணை மாதக்கணக்கில் நடந்தது. கோயிலில் சடங்கு நடத்தியவரையும் அழைத்தார்கள். அதிகாரம் பெறாமல் திருமணம் நடத்துவதும் எல்ஆர்ஏ-வில் குற்றம் என்பதால் அவரும் நிறையப் பேசவில்லை என்று கேள்வி. கடைசியில் மேல் நடவடிக்கை இல்லை என்று கணவரின் வழக்கறிஞருக்குத் தெரிவிக்கப்பட்டது. காரணம் எழுத்தில் வரவில்லை. இதைப் படித்துவிட்டு ‘ஒன்றும் ஆகாது’ என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். அந்த மாதங்களில் அவர் தூங்கினதே இல்லை, வேலையும் ஒரு தடவை போய்த் திரும்பக் கிடைத்தது.

அதற்குள் முதல் மனைவியும் கணவரும் விவாகரத்துக்குச் சம்மதித்து, 52-ஆவது பிரிவின் கீழ் பினாங்கு உயர் நீதிமன்றத்தில் கூட்டு மனுப் போட்டார்கள். இருவரும் ஒத்துக்கொண்டதால் ஜேபிஎன் சமரசக் குழுவுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகளுக்கு மாதம் 900 வெள்ளி என்று நீதிமன்ற ஆணையில் எழுதப்பட்டது. முதலில் வந்தது இடைக்கால ஆணை. அது முழு ஆணையாக 3 மாதம் ஆகும். இந்த 3 மாதத்தைச் சொல்லாமல் விடக்கூடாது: இடைக்கால ஆணை கையில் வந்த உற்சாகத்தில் கணவர் மறுநாளே ஜேபிஎன்-இல் தேதி கேட்கக் கிளம்பினார். முழு ஆணை வரும்வரை அவர் இன்னும் மணமானவர்தான். வழக்கறிஞர் பிடித்து உட்காரவைக்காவிட்டால், பாரத்தில் தன்னை மணமாகாதவர் என்று எழுதி இன்னொரு குற்றத்தையும் சேர்த்துக்கொண்டிருப்பார்.

முழு ஆணை வந்த பிறகு ஜெலுத்தோங் பெண்ணிடம் அவர் பதிவுத் திருமணம் கேட்டார். அந்தப் பெண் இப்போதைக்கு வேண்டாம் என்றார். காரணத்தை என்னிடம் சொன்னார், இங்கே எழுத வேண்டாம் என்றும் சொன்னார். ஒரே வீட்டில் இல்லை. வாரம் இரண்டு முறை அவர் குழந்தையைப் பார்க்க வருகிறார்.

75-ஆவது பிரிவின் கீழ் குழந்தையின் தகுதியை நீதிமன்றத்தில் கேட்கலாமா என்று வழக்கறிஞருடன் பேசினோம். இரண்டு தடை தெரிந்தது. அந்தக் கோயில் சடங்கைச் செல்லாத திருமணம் என்றாவது ஏற்பார்களா என்பது ஒன்று, அந்த லேமினேட் தாளை நம்பியது நியாயமான நம்பிக்கையா என்பது மற்றொன்று. வழக்குச் செலவுக்குப் பயந்து இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறோம். ஆனால் அந்தப் பெண் கொடுத்த வாக்குமூலத்தில் கல்யாணம் என்றே இருக்கிறது. வாசல் திறந்தே இருக்கிறது. அதுவரைக்கும், கணவர் 3 பிள்ளைகளின் பெயரையும் எழுதி உயில் செய்திருக்கிறார். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) நியமனத்திலும் மூவரையும் சேர்த்திருக்கிறார். உயில் இல்லாமல் அவர் இறந்தால் அந்தப் பெண்ணுக்கு ஒரு காசு வாரிசுரிமை கிடையாது, எல்ஆர்ஏ 6-ஆவது பிரிவு அதை வெளிப்படையாகவே சொல்கிறது.

எங்கள் மேசையில் மாற்றியவை

திருமணம் சம்பந்தமாக யார் வந்தாலும் முதல் கேள்வி, இருவரில் யாருக்காவது முன்பு பதிவுத் திருமணம் நடந்திருக்கிறதா என்பது. ஆம் என்றால் நீதிமன்றத்தின் முழு ஆணையைப் பார்க்காமல் அடுத்த பாரத்தைத் தொடுவதில்லை. ஜேபிஎன்-இல் திருமண நிலையைச் சரிபார்க்கச் சொல்கிறோம். பெண் வீட்டார் வெட்கப்பட்டு இதைக் கேட்க மாட்டார்கள், அதனால் நாங்களே கேட்கிறோம். ஒரு முறை மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டு எழுந்து போனார்கள். போகட்டும்.

பதிவு மட்டும் செய்துவிட்டுத் தாலி கட்டாதவர்களிடமும் இதையே கேட்கிறோம். நிச்சயதார்த்தம் முறிந்தது போல நினைத்துக்கொண்டு பிரிந்துபோய், வேறு இடத்தில் மணமேடை ஏறத் தயாராக இருந்த ஒரு பையன் சென்ற வருடம் வந்தான். சட்டத்தின் கண்ணில் அவன் 14 மாதமாகக் கணவன். மணமான 2 வருடத்துக்குள் விவாகரத்து மனுவே சாதாரணமாகப் போட முடியாது என்றதும் அவன் அம்மா அழுதார்.

‘குற்றம் ஆகும், ஆகாது’ என்று நாங்கள் சொல்வதை நிறுத்திவிட்டோம். இருவர் ஒன்றாக வந்தாலும், அவர்கள் நலன் பிரியக்கூடும் என்று தோன்றினால் முதல் நாளே தனித்தனி வழக்கறிஞரிடம் அனுப்புகிறோம். ஜெலுத்தோங் பெண்ணை ஓர் ஆண்டு முன்னாலேயே அப்படி அனுப்பியிருந்தால், காலை 7 மணிக்கு அவர் எனக்கு அழைத்திருக்க வேண்டியதில்லை.

கோயில் மண்டபத்தில் பேசி முடித்த அந்தப் பெரியவரை நான் சென்ற மாதம் மறுபடி பார்த்தேன். இப்போதும் ஆட்கள் சண்டையோடு அவரிடம் வருகிறார்களாம், அவரும் பேசி முடிக்கிறாராம். ஆனால் கடைசியில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிடுகிறேன் என்றார். அந்த லேமினேட் தாளில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவர்களில் அவரும் ஒருவர். அது எங்கே இருக்கிறது என்று கேட்டார். போலீஸ் கோப்பில் இருக்கிறது என்றேன்.